தம்பி கொடுத்த ரத்தம்

அவனுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கைகள் நிற்கும்.

பதினோரு வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவனுக்கு வேறெப்படி இருக்கும்? கதவைத் திறக்கும் முகத்தை அரை விநாடி பார்ப்பான். அப்புறம் முழங்கை மடிப்புதான். பரிசோதனைக்கூடத்தில் அவனுக்குக் கொசு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. கொசுவை அடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள், என்னை அடித்தால் கேஸ் ஆகிவிடும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அந்தப் புதன்கிழமை, பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வருடாந்திர உடல் பரிசோதனை. சாப்பாட்டுக்கூடத்தின் ஒரு மூலையில் மேஜை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆட்கள் வரிசையாக வந்து சட்டைக் கையை மடித்து உட்கார, கொசு பட்டையைக் கட்டி, தடவி, குத்தி, பஞ்சை அழுத்தி அனுப்பிக்கொண்டிருந்தான்.

முப்பத்தேழாவதாக நீண்ட இடது கையில் ரப்பர் பட்டையை இறுக்கியவன் அப்படியே நின்றான்.

கயிறு மாதிரிப் புடைத்த நரம்பு. மடிப்புக்கு ஒரு விரற்கடை மேலே அது இரண்டாகப் பிரிகிறது. பிரிகிற இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தீக்காயத் தழும்பு.

இந்தக் கையில் அவன் ஏற்கெனவே குத்தியிருக்கிறான். சரியாக நான்கு வாரத்துக்கு முன்னால். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டே இல்லையே என்று மூன்று மாடி படியேறும்போது நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது.

மேஜை மேலிருந்த படிவத்தைப் பார்த்தான். வயது இருபத்திநான்கு. திருமணமாகாதவர். அச்சுப் பிரிவு.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயது முப்பத்திரண்டு. மனைவி அப்போது பன்னிரண்டு வாரக் கர்ப்பிணி.

கொசு தலையைத் தூக்கி முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தான். இளைஞன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு இவனை எப்போதோ அடையாளம் தெரிந்துவிட்டிருக்கிறது.

"லிஃப்ட் மெக்கானிக் உங்களுக்கு யாரு?"

"அண்ணன்."

"அன்னைக்கு அவர் இடத்துல நீங்கதானே உக்காந்தீங்க."

"அண்ணன் வந்து உக்காருன்னாரு, உக்காந்தேன். எதுக்குன்னு கேக்கலை. நீங்களும்தான் கேக்கலை."

அந்தக் கடைசி வாக்கியம் ஊசியைவிடச் சுலபமாக இறங்கியது. ஏனென்றால் கேட்கத்தான் வேண்டும். படிவத்தின் கீழே ஒரு கட்டம் உண்டு: அடையாள அட்டை சரிபார்க்கப்பட்டது. கொசு அதை எந்த வீட்டிலும் டிக் செய்ததில்லை. காலையில் டீ குடிக்கும்போதே அன்றைக்கான பத்துப் படிவங்களையும் விரித்து, பத்திலும் வரிசையாக டிக் போட்டுவிடுவான். கையுறை மாட்டிய பிறகு பேனாவைத் தேடுவது தொல்லை. ஊசி குத்திக்கொள்ள யாராவது ஆள்மாறாட்டம் செய்வார்களா என்ன?

செய்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போனது தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கு. மனைவியின் முதல் ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு அந்தக் குறைபாட்டின் பாதி இருப்பது தெரிந்திருந்தது. பாதி இருந்தால் ஒன்றும் செய்யாது. கொஞ்சம் சோகை, அவ்வளவுதான். கணவனுக்கும் பாதி இருந்தால்தான் சிக்கல். அப்போது குழந்தைக்கு முழுதாக வந்துவிட நாலில் ஒரு வாய்ப்பு. முழுதாக வந்தால், மாதம் தவறாமல் வேறு யாருடைய ரத்தத்தையாவது ஏற்றினால்தான் உயிர் ஓடும். பரிசோதனைக்கூடம் இருக்கும் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு என்றே ஒரு வார்டு இருக்கிறது. கொசு அங்கேயும் ஊசி போட்டிருக்கிறான். அந்தக் குழந்தைகள் அழுவதில்லை. எந்தக் கை என்று கேட்டுத் தாமே நீட்டுவார்கள்.

கணவனின் ரத்தத்தில் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் போனது. டாக்டர் அதை நம்பி மேற்கொண்டு எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்றுவிட்டார்.

பன்னிரண்டும் நாலும் பதினாறு. அந்த ஆஸ்பத்திரியில் இருபது வாரம் தாண்டிவிட்டால் கர்ப்பத்தைக் கலைக்கமாட்டார்கள். குழந்தையைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துச் சோதிக்க மட்டுமே பன்னிரண்டு நாள் ஆகும்.

மீதி ஐம்பது பேருக்கும் ரத்தம் எடுத்து முடித்துவிட்டு நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனான். அது ஆஸ்பத்திரியின் தரைத்தளத்திலேயே இருந்தது. பொறுப்பாளர் மேடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். காலை டீயையும் சேர்த்தேதான் சொன்னான்.

அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுதிக் கொடு என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். எழுதிக் கொடுத்ததை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது, வக்கீலைக் கேட்காமல் யாரும் யாரிடமும் எதுவும் பேசக்கூடாது, நீ உட்பட என்றார்.

"வக்கீல் எப்ப வருவார் மேடம்?"

"வரும்போது வருவார்."

"வாரம் ஓடுதே மேடம்."

"நாலு வாரமா ஓடுச்சே, அப்ப எங்க போயிருந்தே?"

வியாழன் போனது. வெள்ளி போனது. சனிக்கிழமை மேடம் விடுமுறை. திங்கட்கிழமை காலை வக்கீல் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார். கொசு பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். முதல் வீட்டுக்குப் போகாமல் கடைத்தெருப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

அவள் வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பரிசோதிக்கிற பெண். படிவத்தில் மனைவியின் தொழில் என்ற இடத்தில் அதைப் பார்த்திருந்தான். கடைக்குள் போய், தூரத்து எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றான். உள்ளே கறுப்புத் திரை போட்ட சின்ன அறைக்கு அனுப்பினார்கள்.

அவள் வந்தாள். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அவன் மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி ஒரு கண்ணை மறைத்தாள். மற்றொரு கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகினாள்.

"ஒண்ணாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"இப்ப? இதுவா, இதுவா?"

அவனுக்கு எல்லாமே கலங்கலாகத்தான் தெரிந்தது. வில்லையால் அல்ல. சட்டத்தைக் கழற்றாமலே, எதிர்ச்சுவர் எழுத்துகளைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தான். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை. தான் யார், எங்கே வேலை, எந்தக் கை, எந்தக் கட்டம். சொல்லி முடித்தபோது அவள் கையில் ஒரு வில்லை இருந்தது. அதை ஒரு துணியால் துடைத்து, பெட்டியில் அதற்கான பள்ளத்தில் வைத்தாள்.

"அவர் கூடவே இருந்தாரா? தம்பி கை நீட்டும்போது?"

"உள் ரூம்ல யாரோ போன் பேசற சத்தம் கேட்டுச்சும்மா. யாருன்னு நான் பாக்கலை."

"அவர்தான். எங்கிட்டதான் பேசிட்டிருந்தார். ரத்தம் எடுத்தாச்சு, வலிக்கவே இல்லைன்னு சொன்னார்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து அவன் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் சட்டத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். உங்களுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி தேவையில்லை என்றாள். அப்புறம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கடைக்காரரிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னாலேயே பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என்ன பேசினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. பத்தே நிமிஷத்தில் வக்கீல் தேவையில்லாமல் போய்விட்டது. மேடம் வெளியே வந்து, கணவர் ரத்தத்தை மறுபடி எடுக்கவேண்டும், குழந்தையைச் சோதிக்க இரண்டு பேருடைய மரபணுவும் கட்டாயம் வேண்டும், வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். வேறு ஆள் வேண்டாம் என்றாள் அவள்.

"இவரே வரட்டும். இனிமே இவரை யாரும் ஏமாத்த முடியாது."

கொசுவின் வேலை இந்த மாதக் கடைசியோடு சரி என்பதையும் மேடம் அந்த மூச்சிலேயே சொன்னார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மூன்று மாடி ஏறினான். சமையலறையை ஒட்டிய சிறிய மேஜையில் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். வேலையிலிருந்து வந்த சட்டை. மார்பில் கிரீஸ் கறை. எதிர் நாற்காலியில் அவள். பேச்சு நடந்து முடிந்த வீடு மாதிரி இல்லை. இனிமேல்தான் நடக்கப்போகிறது என்கிற மாதிரி இருந்தது. கொசு பையைத் திறந்து பட்டை, ஊசி, குழாய்களை வரிசையாக வைத்தான். இந்த மாதிரி நேரங்களில் கைக்கு வேலை இருப்பது நல்லது.

"நான் குடுக்க மாட்டேன்" என்றான் கணவன். குரலை உயர்த்தவில்லை. "எனக்குப் பாதி இருக்கு. பதினாலு வயசுலயே தெரியும். போதுமா?"

"அது போதாதுங்க. குழந்தைக்கு இருக்கான்னு பாக்க உங்க ரத்தம் வேணும்."

"பாத்து?"

அவள் மேஜை மேலிருந்த குழாய்களைப் பார்த்தாள்.

"பாத்துட்டு என்ன பண்ணுவே, அதைச் சொல்லு. அது எனக்குத் தெரியும். அதனாலதான் தம்பியை உக்கார வச்சேன். அவனுக்கு இல்லைன்னு அப்பவே பாத்தாச்சு."

அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். இரண்டு வருஷ இல்லறத்தில் பேசாததை, ரத்தம் எடுக்க வந்த அந்நியன் ஒருவன் முன்னால் பேசினான். மூளைக்காய்ச்சலில் இறந்ததாக அவளிடம் சொல்லியிருந்த அவனுடைய அண்ணன் மூளைக்காய்ச்சலில் இறக்கவில்லை. அவனுக்கு முழுதாக இருந்தது. பத்தொன்பது வயசு வரைக்கும் இருந்தான். ரத்தம் ஏற்றுகிற நாளில் அம்மா மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போவாள். ஏற்றி முடிந்ததும் அண்ணன் தெம்பாகிவிடுவான். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறி மேலே போவதும் கீழே வருவதுமாக, காவலாள் விரட்டுகிறவரைக்கும் ஆடித்தீர்ப்பார்கள். கயிறு எங்கே இருக்கு, எடை எங்கே இருக்கு, கதவு எப்படித் தானாக மூடுகிறது என்று அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தான். சொன்னதில் பாதி தப்பு. வேலையில் சேர்ந்த பிறகுதான் அது தெரிந்தது.

"அப்ப இந்த டெஸ்ட் இருந்திருந்தா எங்கம்மா என்ன பண்ணியிருப்பாங்க? நீயே சொல்லு. அவன் இருந்திருக்கவே மாட்டான். ஒருத்தன் இருந்திருக்கவே கூடாதுன்னு ஒரு காகிதத்துல எழுதித் தருவீங்க, அதுல நான் கையெழுத்துப் போடணுமா?"

கொசு குழாயின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான்காவது மாடி வார்டு நினைவுக்கு வந்தது. இந்த ஆள் பொய்க்காரன் என்று நினைத்துத்தான் படியேறியிருந்தான். பொய்க்காரன்தான். ஆனால் சொல்வதில் எதை எடுத்து எறிவது என்று தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உங்க அண்ணன் போட்டோ ஒண்ணாவது இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

அவன் மேலே, அலமாரிக்கு மேல் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினான்.

"ரெண்டு வருஷமா பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்க அவரை. நான் பாத்ததே இல்லை. லிஃப்ட்ல ஆடினது, தப்புத் தப்பா சொல்லிக்குடுத்தது, எதுவும் எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி இதே மாதிரி உக்காந்து சொல்லியிருந்தா, ஒருவேளை நானே டெஸ்ட் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். யாருக்குத் தெரியும்?"

"சொல்லியிருந்தா நீ கல்யாணத்துக்கே ஒத்துக்கிட்டிருக்க மாட்டே."

"அப்ப மறைச்சது அண்ணனுக்காக இல்லை. உங்களுக்காக."

அவள் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள். அதைக் குடித்துவிட்டு அவன் சட்டைக் கையை மடித்தான்.

கொசு பட்டையை எடுத்தவன், கீழே வைத்துவிட்டான். "உங்க அடையாள அட்டை வேணும் சார்."

லிஃப்ட் மெக்கானிக் அவனை ஒரு பார்வை பார்த்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவள் கட்டிய மனைவி, உட்கார்ந்திருப்பது சொந்த வீடு, இதில் அட்டை வேறா என்கிற பார்வை. பர்சிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் போட்டான். கொசு அதை வாங்கி, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டான். நரம்பு ஒல்லியாக, உள்ளே ஒளிந்து கிடந்தது. தம்பியின் கைக்கும் இந்தக் கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பதினேழாவது வாரத்தின் முதல் நாள் அவளுடைய வயிற்றில் நீளமான ஊசியை இறக்கி நீர் எடுத்தார்கள். பத்தொன்பதாவது வாரத்தில் ரிப்போர்ட் வந்தது.

முழுதாக இருந்தது.

டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினாராம். எதையும் மறைக்கவில்லை, எதையும் பெரிதாக்கவில்லை. அண்ணன் காலம் மாதிரி இப்போது இல்லை, நல்ல மருந்துகள் வந்துவிட்டன, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், நாற்பது ஐம்பது வயதுக்காரர்களே இருக்கிறார்கள் என்றார். அதே சமயம், ஒழுங்காக என்ற அந்த வார்த்தைக்குள் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி, தினமும் மருந்து, வருஷக்கணக்கில் இரண்டு பேர் மாறி மாறி விழித்திருப்பது எல்லாம் அடக்கம் என்றும் சொன்னார். முடிவு உங்களுடையது என்றார். உங்களுடையது என்றதும் கணவன் தலையாட்டினான். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தது அவளை.

இதெல்லாம் கொசுவுக்கு அவள் சொல்லித்தான் தெரியும். மாதக் கடைசி வாரம். அவனுக்கு வெளி வேலை கொடுப்பதை நிறுத்தி, தரைத்தளத்து ரத்தம் எடுக்கும் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டான். அவள் உள்ளே வந்தாள். கையிலிருந்த சீட்டில் மகப்பேறு வார்டின் முத்திரை. சிகிச்சைக்கு முன்னால் எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனைகள். என்ன சிகிச்சை என்பதை அந்தச் சீட்டே சொன்னது.

அவன் பட்டையைக் கட்டினான். தப்பைச் சரிசெய்யத்தானே கடைக்குப் போனோம், இதற்காகவா போனோம் என்று நினைத்துக்கொண்டான்.

"நான்தான் ம்மா..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க இல்லை." அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வாரமா அந்த போட்டோவைப் பாத்துட்டிருந்தேன். எடுத்துக் குடுத்தார். நல்லா சிரிக்கிறார் அவர். அப்படி ஒரு பிள்ளையை வளக்க முடியாதான்னு கேட்டா, முடியும். மாசா மாசம் தூக்கிட்டுப் போக முடியும். ஆனா பக்கத்துல ஒரு ஆள் வேணும். இன்னைக்கு மருந்து குடுத்தியான்னா குடுத்தேன்னு சொல்றதை, நான் திரும்பப் போய்ப் பாக்காம நம்பற மாதிரி ஒரு ஆள். போன்ல வலிக்கவே இல்லைன்னு சொன்னாரே, அந்தக் குரல் என் காதை விட்டுப் போகலை. தனியா என்னால முடியாது. அவர்கூட அதைவிட முடியாது."

ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் பஞ்சை வைத்து அழுத்தினான். தானே அழுத்திக்கொள்வதாகச் சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள்.

கதவருகே கணவன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. மூன்று நாள் தாடி. இனிமேல் ஒரு வார்த்தை பொய் சொல்லமாட்டேன், தம்பியைக்கூடச் சாட்சி வைக்கிறேன் என்றான். அவள் சரி என்றாள். அதில் கோபம் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொன்னவனிடம் சொல்கிற சரி மாதிரி இருந்தது.

மாடியிலிருந்து நர்ஸ் அட்டைப்பலகையில் படிவத்தோடு வந்தார். கணவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினான். போடுவதற்கா, போடமாட்டேன் என்று சொல்வதற்கா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நர்ஸ் அவனைத் தாண்டிப் போய்ப் படிவத்தை அவளிடம் கொடுத்தார்.

"உங்க கையெழுத்து இதுல தேவையில்லை சார். அவங்க போட்டாப் போதும்."

அவள் மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நர்ஸோடு நடந்து போனாள். நான்காவது மாடிக்கும் மகப்பேறு வார்டுக்கும் ஒரே லிஃப்ட்தான். கதவு மூடுகிறவரைக்கும் கணவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் திரும்பி அறைக்குள் வந்து, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா, அஞ்சு மாசத்துல எனக்கு ஒரு பிள்ளை."

கொசு ஊசியை உறையோடு குப்பைப் பெட்டியில் போட்டான். மூன்று வாரமாக அவனும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் முகம் வெளுக்கும்போது, இந்த நாற்காலியில் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அவள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் அவனுக்கு விடை வரவில்லை. மன்னிச்சிருங்க என்று சொல்லலாமா என்று நினைத்தான். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெளியே பெஞ்சில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். யாரோ எட்டிப்பார்த்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க" என்றான் கொசு. "அடுத்தவங்க உக்காரணும்."